அரை விநாடி போனால் போகட்டும்... க்ளட்ச் எங்கே?

2013 மார்ச். ஜெனீவா மோட்டார் ஷோ. போர்ஷே அரங்கில் புது 911 ஜிடி3 மேடையேறியது. 3.8 லிட்டர் இன்ஜின், 475 பிஎஸ் பவர், 9,000 ஆர்பிஎம் வரை அலறும் வெறி. நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ வேகத்தைத் தொட 3.5 விநாடிகள் போதும். பழைய ஜிடி3-யோடு ஒப்பிட்டால் எல்லாவற்றிலும் ஒரு படி மேல். ஆனால், ரசிகர்களின் கண் போனது டிரைவரின் காலடிக்கு. மூன்று பெடல்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தன. க்ளட்ச்சைக் காணோம்!

ரேஸ் டிராக்கில் ஓட்டிவிட்டு, அதே காரில் வீட்டுக்கும் போகலாம் என்பதுதான் ஜிடி3-யின் கணக்கு. 1999-ல் முதல் ஜிடி3 வந்ததிலிருந்தே அதில் மேனுவல் கியர்பாக்ஸ்தான். இந்த முறை காசு கொடுத்தாலும் மேனுவல் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். 'பிடிகே' எனப்படும் ஆட்டோமேட்டிக் மட்டுமே. வாழை இலை போட்டு விருந்து பரிமாறிவிட்டு, 'கையால் சாப்பிடக் கூடாது, இந்தாங்க ஸ்பூன்' என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான் கொதித்தார்கள் ஜிடி3 ரசிகர்கள்.

போர்ஷே பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை.

மேனுவல் காரில் கியர் மாற்ற க்ளட்ச்சை மிதித்த உடனே இன்ஜினுக்கும் சக்கரத்துக்குமான தொடர்பு அறுந்துவிடும். கியரை மாற்றி க்ளட்ச்சை விடும்வரை சக்கரத்துக்கு இழுவை கிடையாது. எவ்வளவு கைதேர்ந்த டிரைவராக இருந்தாலும் இந்த இடைவெளியைத் தவிர்க்க முடியாது. பிடிகே-வில் க்ளட்ச் ஒன்றல்ல, இரண்டு. 1, 3, 5, 7 ஆகிய கியர்கள் ஒரு க்ளட்ச்சின் பொறுப்பு. 2, 4, 6 இன்னொன்றின் பொறுப்பு. கார் மூன்றாவது கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான்காவது தயாராகக் காத்திருக்கும். ஒரு க்ளட்ச் விடும் அதே கணத்தில் மற்றது பிடித்துக்கொள்ளும். ரிலே ரேஸில் அடுத்த வீரர் முன்கூட்டியே ஓட ஆரம்பித்து, ஓடிக்கொண்டே குச்சியை வாங்குவதைப்போல. டிராஃபிக்கில் லேசாகத் தலையை ஆட்டவைக்கும் பட்ஜெட் கார்களின் ஏஎம்டி-யை மனதில் வைத்து இதை எடை போடக் கூடாது. அது வேறு ஜாதி.

இது ஒன்றும் திடீர் ஞானோதயமும் அல்ல. 1980-களிலேயே 956, 962 ரேஸ் கார்களில் போர்ஷே இதைச் சோதித்தது. 1986-ல் இத்தாலியின் மோன்ஸா டிராக்கில் பிடிகே பொருத்திய 962 ஜெயித்தும் காட்டியது. சாலையில் ஓடும் 911-க்கு அது வந்து சேர்ந்தது 2008-ல்தான்.

ஃபார்முலா 1 இன்னொரு பாதையில் அதே இடத்துக்கு வந்தது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் பட்டையை விரலால் தட்டினால் கியர் மாறும் முறையை, ஜான் பர்னார்ட் வடிவமைத்த ஃபெராரி 640 கொண்டுவந்தது. 1989-ல் பிரேசிலில் அதன் முதல் ரேஸ். சோதனை ஓட்டங்களில் அடிக்கடி மக்கர் செய்த கார் அது. ரேஸை முடிக்கும் என்றுகூட நம்பியவர்கள் குறைவு. நைஜல் மான்செல் முதலிடத்திலேயே முடித்தார்!

ஆனால், மேனுவல் அத்தனை சீக்கிரம் விட்டுக்கொடுக்கவில்லை. 1991 மார்ச், மறுபடியும் பிரேசில். இன்டர்லாகோஸ் டிராக்கில் சொந்த ஊர்க்காரர் அயர்டன் சென்னா முன்னணியில் ஓடுகிறார். அவருடைய மெக்லாரனில் இன்னமும் கையால் போடும் கியர். துரத்தி வந்த மான்செலின் வில்லியம்ஸில் புதுக் கால செமி ஆட்டோமேட்டிக். அது பழுதாகி மான்செல் சுழன்று வெளியேறுகிறார். அப்பாடா என்று சென்னா மூச்சு விட முடியவில்லை. அவருடைய கியர்பாக்ஸும் ஒவ்வொரு கியராகக் கைவிட, கடைசிச் சுற்றுகளில் மிச்சம் இருந்தது ஆறாவது மட்டும். டாப் கியரை வைத்துக்கொண்டு மெதுவான வளைவுகளைச் சமாளிப்பது என்றால் என்னவென்று, மூன்றாவது கியரில் ஸ்பீடு பிரேக்கர் ஏறிய யாருக்கும் கொஞ்சம் புரியும். போதாததற்கு மழையும் தூற ஆரம்பித்தது. மூன்று விநாடிக்கும் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்தார் சென்னா. காரிலிருந்து தானாக இறங்க முடியவில்லை. மற்றவர்கள்தான் தூக்கிவிட்டார்கள். அந்த வருட சாம்பியனும் அவரே. மேனுவல் கியர்பாக்ஸோடு ஃபார்முலா 1 பட்டம் வென்ற கடைசி கார், அந்த மெக்லாரன் எம்பி4/6.

ஆக, 'வேகம்தான் முக்கியம் என்றால் ஆட்டோமேட்டிக்' என்ற வழக்கு எப்போதோ முடிந்துவிட்டது. 2013-ல் போர்ஷே சொன்னதும் அதைத்தான்.

991 கார்கள்... பல மடங்கு விலை!

மூன்று ஆண்டுகள் கழித்து, அதே ஜெனீவாவில் 911 ஆர் வந்தது. 1967-ல் இதே பெயரில் வந்த காருக்கு மரியாதை. 4 லிட்டர் இன்ஜின், 500 பிஎஸ், 1,370 கிலோ எடை. கியர்பாக்ஸ்? ஆறு ஸ்பீடு மேனுவல் மட்டும். உலகம் முழுக்கவே மொத்தம் 991 கார்கள்தான். கைமாறிய வேகத்தில், ஷோரூம் விலையைப் போலப் பல மடங்கு சொன்னார்கள். இன்ஜின் ஏற்கெனவே இன்னொரு போர்ஷேயில் இருந்ததுதான். எண்ணிக்கை குறைவு என்பதும் ஒரு காரணம்தான். ஆனாலும், காணாமல் போன அந்த மூன்றாவது பெடலுக்கு என்ன மதிப்பு என்பதை மார்க்கெட் பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட்டது.

2017-ல் புதுப்பிக்கப்பட்ட ஜிடி3 வந்தபோது, கூடுதல் பைசா இல்லாமல் மேனுவலும் கிடைத்தது. நிறுவனம் சொன்ன கணக்கு சுவாரஸ்யமானது. 100 கி.மீ வேகத்தை எட்ட பிடிகே-வுக்கு 3.4 விநாடி, மேனுவலுக்கு 3.9 விநாடி. டாப் ஸ்பீடு மட்டும் பிடிகே 318, மேனுவல் 320. அந்த அரை விநாடியைச் சும்மா நினைத்துவிட வேண்டாம். 100 கி.மீ வேகத்தில் போகும் கார், அரை விநாடியில் சுமார் 14 மீட்டரைக் கடந்துவிடும். டிராக்கில் அது பெரிய இடைவெளி. தெரிந்தேதான் மேனுவல் பட்டனை டிக் அடித்தார்கள்.

அப்படி என்னதான் இருக்கிறது அந்தக் கம்பியில்?

மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வலது காலின் முன்பகுதி பிரேக்கில். இடது கால் க்ளட்ச்சில். ஒரு கை ஸ்டீயரிங்கில், மறு கை கியரில். நான்காவதிலிருந்து இரண்டாவதுக்கு வர வேண்டும். பிரேக்கை விடாமலேயே வலது காலின் ஓரத்தால் ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி, இன்ஜின் சுழற்சியைக் கூட்டி, பிறகு க்ளட்ச்சை விட வேண்டும். சரியாக அமைந்தால் வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோல கியர் விழும். பிசகினால் பின்சக்கரம் ஒரு கணம் தடுமாறும். அதைவிட மோசம், வேகமாகப் போகும்போது கை தவறி ரொம்பக் கீழே உள்ள கியரில் தள்ளிவிடுவது. இன்ஜினே காலி. பிடிகே அந்தத் தப்பைச் செய்யவே விடாது, கேட்டாலும் மறுத்துவிடும். தப்பு செய்ய வாய்ப்பு இருப்பதால்தான், சரியாகச் செய்யும்போது அவ்வளவு சந்தோஷம். வேடிக்கை என்னவென்றால், இன்றைய மேனுவல் ஜிடி3-யில் அந்தத் தட்டலையும் கம்ப்யூட்டரே செய்துகொடுக்க ஒரு வசதி உண்டு. வேண்டாம் என்பவர்கள் அணைத்துவிடலாம்.

இதை வைத்து 'மேனுவல் ஓட்டுபவர்தான் நிஜ டிரைவர்' என்று மார்தட்டுபவர்களும் இருக்கிறார்கள். அது சுத்த வீம்பு. முழங்கால் வலி இருப்பவருக்கும், தினமும் நகர நெரிசலில் இரண்டு மணி நேரம் ஊர்ந்து போகிறவருக்கும் ஆட்டோமேட்டிக் வரம்தான். சொல்லப்போனால் அமெரிக்காவில் மேனுவல் அபூர்வம், அதனால் அது காதல். நம் ஊரில் பெரும்பாலானவர்கள் கார் பழகியதே மேனுவலில்தான். சிக்னலுக்கு சிக்னல் க்ளட்ச் மிதித்துக் கால் ஓய்ந்தவரிடம் போய் 'ஆஹா, மூன்று பெடல்!' என்று உருகினால் முறைப்பார். பேச்சு எல்லாம், காலையில் ஆசைக்காக எடுத்துக்கொண்டு கிளம்பும் காரைப் பற்றித்தான்.

அந்த ரகக் கார்களிலும் மேனுவல் கரைந்துகொண்டே வருகிறது. ஃபெராரி, லம்போர்கினி, மெக்லாரன் புதுக் கார்களில் மூன்றாவது பெடல் கிடையாது. அமெரிக்காவின் செல்லப்பிள்ளை கார்வெட், 2020 மாடலில் மேனுவலைக் கைவிட்டது. 2025-ல் இந்தியாவுக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ-யிலும் ஆட்டோமேட்டிக் மட்டும். வாங்குபவர்கள் குறைவு, இரண்டு விதமான கியர்பாக்ஸுக்கும் தனித்தனியாகச் சோதனை, அனுமதி, செலவு. கணக்குப்பிள்ளை எதை வெட்டுவார் என்று சொல்ல வேண்டியதில்லை. எதிர்நீச்சலும் உண்டு. 2019-ல் ஆட்டோமேட்டிக் மட்டும் என்று வந்த டொயோட்டா ஜிஆர் சுப்ராவுக்கு, கேட்டுக் கேட்டு 2022-ல் மேனுவல் கிடைத்தது.

இதன் சின்ன வடிவம் ஸ்ரீபெரும்புதூரிலும் நடந்தது. அங்கே தயாராகும் ஹூண்டாய் ஐ20 என் லைன் 2021-ல் வந்தபோது, ஆட்டோமேட்டிக்கோடு 'ஐஎம்டி' என்ற நடுவாந்தர ஏற்பாடும் இருந்தது. கியர் கம்பி உண்டு, க்ளட்ச் பெடல் இல்லை. 2023-ல் ஐஎம்டி போய், அசல் ஆறு ஸ்பீடு மேனுவல் வந்தது. 120 பிஎஸ் காரை ஜிடி3-யோடு ஒப்பிட முடியாதுதான். இடது காலுக்கு வேலை கேட்டவர்கள் மட்டும் இரண்டு இடத்திலும் ஒரே ரகம்.

இனி எலெக்ட்ரிக் காலம். அதில் கியர் மாற்றவே தேவையில்லை. ஆனால், அதே ஹூண்டாய் 2023-ல் காட்டிய அயானிக் 5 என் காரில் ஒரு பட்டனைத் தட்டினால், எட்டு கியர்கள் இருப்பதுபோல நடிக்கும். விரலால் பட்டையைத் தட்டினால் ஸ்பீக்கரில் இன்ஜின் சத்தம், உடம்பில் ஒரு குலுக்கல். நேரத்துக்கு அடுத்த கியர் போட மறந்தால், இல்லாத இன்ஜின் ரெட்லைனில் முட்டி முட்டித் துடிக்கும். கார் வேகமெடுக்காமல் காத்திருக்கும், நீங்கள் கியர் மாற்றும்வரை.