‘குடும்பத்துடன் வசிக்கிறார்’ என்று பதில் எழுதிய ஆட்சியருக்கு

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

அரசு தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் எலக்ட்ரீஷியன் பிரிவுப் பயிற்றுநராக வேலை பார்த்து, கடந்த மார்ச் மாதம் ஓய்வு பெற்றவள் நான். என் மாணவி ஒருத்திக்காகத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் உங்கள் கையிலேயே மனு கொடுத்திருக்கிறேன். பதிவுத் தபாலிலும் அனுப்பினேன். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் வாசலில் காத்துக் கிடந்தேன். பணியில் இருந்தவரை அதற்கு மேல் வாய் திறக்க நடத்தை விதிகள் விடவில்லை. இனி அந்தத் தடை எனக்கில்லை.

இளைஞர் நீதிச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு, மிஷன் வத்சல்யா வழிகாட்டுதல்கள், குழந்தைகள் இல்லத்திலிருந்து 18 வயதில் வெளியேறுவோரின் பிற்காப்புக்காக மாதம் 4,000 ரூபாய் என எல்லாம் தாங்கள் அறிந்தவை. அவற்றை இங்கே எடுத்தெழுதித் தங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. ஒரே ஒரு பெண்ணுக்கு என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். அவள் பெயர் இங்கே வேண்டாம். கோப்பு தங்கள் அலுவலகத்தில் இருக்கிறது.

அவளுடைய பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. குழந்தைகள் இல்லத்துக்குக் கொண்டுவந்தபோது மருத்துவர் பார்த்துவிட்டு ‘சுமார் 9 வயது’ என்று எழுதினார். அவளை அங்கே சேர்க்கக் குழந்தைகள் நலக் குழு ஆணையிட்ட அந்த நவம்பர் தேதியே பிறந்த தேதியாகப் பதிவாகிவிட்டது. எலும்பைப் படம் பிடித்துக் கணிக்கும் வயதில்கூட ஓரிரு ஆண்டு முன்பின் இருக்கும் என்று மருத்துவர்களே சொல்வார்கள். ஆனால் அவளை வெளியே அனுப்பும்போது மட்டும் அந்தத் தேதி ஒரு நாள்கூட நகரவில்லை. இரண்டாம் ஆண்டுப் பயிற்சியின் நடுவில், தேர்வுக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கையில், ‘18 வயது நிறைவு’ என்று பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார்கள். இரண்டு செட் துணி, லேமினேட் செய்த மதிப்பெண் சான்றிதழ், ஒரு தோள் பை. அவ்வளவுதான். அதற்கு முந்தைய வாரம் குழந்தைகள் தினத்தன்று அதே இல்லத்தில் தாங்கள் பிள்ளைகளோடு எடுத்துக்கொண்ட படம் நாளிதழில் வந்தது. பின்வரிசையில் அவளும் நிற்கிறாள்.

தெருவில் விட்டுவிட்டோம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. அதனால் ‘உறவினரிடம் ஒப்படைக்கப்பட்டார்’ என்று எழுதிக்கொண்டார்கள். எந்த உறவினர்? சித்தி. எந்த வீடு? ஒன்பது ஆண்டுகளுக்கு முன் எந்த வீட்டிலிருந்து இதே அரசு அவளை மீட்டு வந்ததோ, அதே வீடு. ஏன் மீட்டார்கள் என்பது கோப்பின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அதை நான் இங்கே எழுத மாட்டேன். தாங்கள் கட்டாயம் படிக்க வேண்டும். அவளை மீட்கக் காரணமாக இருந்த மனிதர் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். ‘குடும்பச் சூழல் திருப்திகரமாக உள்ளது’ என்று ஒரு விசாரணை அறிக்கை வைத்திருக்கிறீர்கள். விசாரிக்க யாருமே வந்து பார்க்கவில்லை என்று அந்தச் சித்தியே என்னிடம் சொன்னார்.

மூன்றாம் நாள் காலை பயிற்சி தொடங்கும் முன்பே பட்டறை வாசலில் பையோடு உட்கார்ந்திருந்தாள். இரவு எங்கே இருந்தாய் என்று கேட்டேன். “பஸ் ஸ்டாண்டுல மேம். லேடீஸ் வெயிட்டிங் ரூம்ல லைட் இருக்கும்” என்றாள்.

அவளுக்கு அறை தேடிப் பார்த்தோம். வீட்டுக்காரர்கள் முதலில் கேட்ட கேள்வி “அப்பா என்ன பண்றார்?” அடுத்தது “நீங்க எந்த ஆளுங்க?” இரண்டுக்கும் அவளிடம் பதில் இல்லை. ஒரு வீட்டில் எல்லாம் பேசி முடித்து, வாடகை 3,500, அட்வான்ஸ் ஐந்து மாதம் என்று ஒப்புக்கொண்டு, அட்வான்ஸை நான் கட்டுவதாகவும் சொல்லியாகிவிட்டது. கடைசியில் வீட்டுக்கார அம்மா ஆதார் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். முகவரியில் குழந்தைகள் இல்லத்தின் பெயர். “ஏற்கெனவே ஒருத்தர் சொல்லி வச்சிருக்காங்கம்மா, மறந்தே போயிட்டேன்” என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தனியார் விடுதியில் பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அரசின் தோழி விடுதி வேலை பார்க்கும் பெண்களுக்கு. இவள் படிக்கிறவள். பயிற்சி உதவித்தொகை 750, புதுமைப் பெண் திட்டத்தில் 1,000. இந்த 1,750 ரூபாயில் வாடகை, சாப்பாடு, மாதவிலக்குத் துணி என எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டும்.

“அவ்வளவு அக்கறை இருந்தால் நீங்களே வைத்துக்கொள்ளலாமே” என்று தங்கள் அலுவலகத்தில் ஒருவர் என்னிடம் கேட்டார். வைத்துக்கொண்டேன். சில வாரங்கள் என் வீட்டில்தான் இருந்தாள். தனி அறை கிடைத்தால் பழகட்டும் என்று ஒருநாள் சமையலை அவளிடம் விட்டேன். பருப்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். இல்லத்தில் அறுபது பேருக்குச் சாம்பார் வைத்துப் பழகியவள். ஒருத்திக்கு எவ்வளவு பருப்பு போடுவது என்று தெரியவில்லை. மின் கட்டணம் எங்கே கட்டுவது, சிலிண்டர் எப்படிப் பதிவு செய்வது, மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி எங்கே இருக்கும், வாடகை ஒப்பந்தத்தில் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என்று ஒன்றுமே யாரும் சொல்லித் தந்ததில்லை. மோட்டார் வைண்டிங் தெரிந்த பெண்ணுக்கு வங்கிச் செலான் நிரப்பத் தெரியாது. ஒன்பது ஆண்டுகள் அரசு வளர்த்த பிள்ளை சார் அவள். சாப்பாட்டு மணி, குளிக்கும் மணி, விளக்கணைக்கும் மணி எல்லாம் அரசு வைத்தது. திடீரென ஒருநாள், இனி உன் பாடு என்றால் என்ன செய்வாள்?

என் வீட்டில் இருக்க அவளுக்குக் கூச்சம். விருந்தாளி போலச் சுவரோரம் படுப்பாள். எதையாவது கழுவிக்கொண்டே இருப்பாள். ஜனவரியில் ஒரு மில் புரோக்கர் அவள் தோழி மூலம் வந்தார். ஹாஸ்டல் இலவசம், மூன்று வேளைச் சாப்பாடு, ஆதார் மட்டும் போதும். மற்ற எல்லாரும் திருப்பிக் கொடுத்த அந்த அட்டையை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது அந்த மில் ஒன்றுதான். படிப்பை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டாள். இப்போது மில் வளாகத்திலேயே தங்கி வேலை பார்க்கும் கேம்ப் கூலி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போனில் பேசலாம், அதுவும் வார்டன் பக்கத்தில் நிற்கும்போது. “நல்லாயிருக்கேன் மேம்” என்பதைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை.

அவள் போன பிறகு என் மனுவுக்குத் தங்கள் அலுவலகம் பதில் அனுப்பியது. ‘மேற்படி பயனாளி குடும்பத்துடன் வசித்து வருவதால் பிற்காப்பு உதவி கோரும் மனு ஏற்கத்தக்கதல்ல. மனு முடிக்கப்பட்டது.’ கீழே தங்கள் பெயரில் கையொப்பம்.

எந்தக் குடும்பம்? மில் காம்பவுண்டுக்குள் இரும்புக் கட்டில் போட்டுப் படுத்திருக்கும் பெண் யாருடன் வசிக்கிறாள்? அந்தத் தாளில் கையெழுத்துப் போடும் முன் ஒரு போன், ஒரே ஒரு போன், போட்டிருக்கக் கூடாதா? தங்கள் வீட்டுப் பெண்ணுக்கு 18 வயது ஆன அன்றே அவளை வாசலுக்கு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துவீர்களா? இந்தப் பிள்ளைக்குத் தாயும் தகப்பனும் அரசுதான் என்று மேடைதோறும் சொல்கிறீர்கள். தகப்பன் செய்கிற காரியமா இது?

மாதம் 4,000 ரூபாய் பெரிய பணமில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த ஆணை இருந்தால் அரசு தன் பின்னால் நிற்கிறது என்று வீட்டுக்காரரிடம் காட்ட அவளிடம் ஒரு தாள் இருந்திருக்கும். மாவட்டத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, இப்படி வெளியே வரும் பெண்களில் ஆறேழு பேரைச் சேர்த்துத் தங்க வைத்திருந்தால் இவள் இப்போது தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பாள். விதியில் அதற்கு இடமிருக்கிறது. வீடுதான் இல்லை.

‘குடும்பத்துடன் வசிக்கிறார்’ என்ற பதிலைத் திரும்பப் பெறுங்கள். ‘திருப்திகரம்’ என்று எழுதியவரை அழைத்து, எந்தத் தேதியில் அந்த வீட்டுக்குப் போனார் என்று கேளுங்கள். ஒரு பெண் அதிகாரியை அந்த மில்லுக்கு அனுப்பி, வார்டனை வெளியே நிறுத்திவிட்டு அவளோடு பேசச் சொல்லுங்கள். திரும்பி வந்து படிக்க விருப்பம் என்றால், தங்க இடத்தோடும் பிற்காப்பு ஆணையோடும் கூட்டி வாருங்கள். இந்த ஆண்டுத் தேர்வுக்கு வருகைப்பதிவு போதாவிட்டால் அடுத்த ஆண்டு எழுதட்டும். அவளுக்கு 21 வயது ஆக இன்னும் இரண்டரை ஆண்டு இருக்கிறது. அதுவரை அவள் தங்கள் பொறுப்பு. அதே இல்லத்தில் வரும் ஆகஸ்டில் இன்னொரு பெண்ணுக்கு 18 நிறைகிறது. அவளை எங்கே அனுப்பப் போகிறீர்கள் என்பதையும் இப்போதே, எழுத்தில், சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பயிற்றுநர் ஒருத்தி