மிசோரம் மட்டுமே சுமக்கலாமா?



2021 பிப்ரவரியில் மியான்மர் ராணுவம் ஆட்சியைப் பறித்தபின் சின் மாநில மக்கள் தியாவ் ஆற்றைக் கடந்து மிசோரமுக்குள் வந்தார்கள். அடுத்த மாதமே, அவர்களை உள்ளே விடக்கூடாது என்று மத்திய உள்துறை கடிதம் அனுப்பியது. அப்போது அவர்களுக்குச் சோறு போட்டவர்கள், 1935இல் தொடங்கப்பட்ட இளம் மிசோ சங்கத்தின் ஊர்க் கிளைகளும் தேவாலயங்களும்தான். அரிசியும் பழைய துணியும் வீடு வீடாகச் சேர்த்தார்கள். தங்குவதற்குக் குடில் போட்டுக்கொடுத்தார்கள். கொடுத்தவர்களில் பலர் மலைச்சரிவில் பயிர் செய்து பிழைக்கும் ஏழைகள். இதை நினைத்தால் நெஞ்சு நெகிழ்கிறது.

ஆனால் 30,000 பேருக்கு மேல் வந்திருக்கும்போது, அக்கம்பக்கத்தாரின் ஈகை எத்தனை ஆண்டு தாங்கும்? 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. நமக்கென்று அகதிகள் சட்டமும் இல்லை. இருந்தும், தமிழ்நாட்டு முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழருக்கு உதவித்தொகையும் ரேஷன் அரிசியும் கிடைக்கின்றன. சின் மக்களுக்கும் அப்படியோர் ஏற்பாட்டை மத்திய அரசு செய்ய வேண்டும். அந்த உதவியை ஊர்க் கிளைகளைக் கொண்டே பங்கிட்டுக் கொடுக்கலாம். எந்த வீட்டில் எத்தனை பேர், யாருக்கு என்ன நோய் என்பதெல்லாம் அந்தக் கிளையினருக்குத்தான் தெரியும்.

– ஒரு வாசகி, திண்டுக்கல்