வெயிலுள்ள ஊரைத் தெரிவு செய்வோம்



நோர்வேயிலும் ஜேர்மனியிலும் வாழும் நம் உறவினர்கள் கோடை விடுமுறைக்கு எந்த ஊருக்குப் போவதென்று மாதக்கணக்கில் யோசிப்பார்கள். ஸ்பெயினா, கிரேக்கமா, இத்தாலியா என்று வீட்டில் எல்லோரும் கூடிப் பேசுவார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகள் நான்கு: அந்த மாதத்தில் அங்கே வெயில் இருக்குமா? பிள்ளைகள் இறங்கக்கூடிய கடலா? செலவு எவ்வளவு? பயமில்லாமல் இருக்கலாமா? இந்த நான்கு கேள்விகளையும் நாமும் கேட்கலாம் என்பதைப் பற்றியே இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

"எங்களுக்கு எதுக்கு மிஸ் உல்லாசப் பயணம்? புருசன் இல்லாதவ பஸ் பிடிச்சி கடல் பாக்கப் போனா லயத்துல என்ன பேசுவாங்க?" என்று இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு அக்கா என்னிடம் கேட்டார். இந்தக் கேள்வியை நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். உங்களில் பலரும் உங்கள் மனதுக்குள் கேட்டிருப்பீர்கள்.

நான் வேலை செய்யும் சப்ரகமுவத் தோட்டங்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தேயிலையும் றப்பரும் கலந்திருக்கின்றன. விடிய எழுந்து சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, பெரட்டுக்களத்துக்கு ஓடி, கொழுந்துக்கோ பால்வெட்டுக்கோ போகும் பெண்கள் இவர்கள். யுத்தம் இங்கே நடக்கவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் இந்தத் தோட்டங்களையும் விட்டுவைக்கவில்லை. அப்போது லயங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறிய குடும்பங்கள் பல. அவர்களது பிள்ளைகள் வன்னியில் வளர்ந்து, அங்கேயே திருமணம் முடித்து, யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்தார்கள். 2009இன் பின்னர், பெற்றோர் பிறந்த லயத்துக்கே கைக்குழந்தையுடன் திரும்பி வந்த பெண்களை நான் அறிவேன். வடகிழக்கில் இருக்கும் உங்கள் துயரமும் இவர்களது துயரமும் ஒன்றுதான்.

இதோடு மழையும் சேர்ந்துகொள்கிறது. இரத்தினபுரியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. திருகோணமலையில் பெய்வது இதில் பாதியளவுதான். மழை பெய்தால் றப்பர் மரம் வெட்ட முடியாது. வெட்டாத நாளுக்குப் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. 2003 மே மாதத்தில் இரத்தினபுரியில் பெருவெள்ளமும் மண்சரிவும் வந்தன. 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் ஒரு மலைச்சரிவே இறங்கிக் கிராமங்களை மூடியது. மறு ஆண்டு மே மாதத்திலும் இரத்தினபுரியில் பல உயிர்கள் போயின. அதனால் மே மாதம் பிறந்தால் இங்குள்ள தாய்மார் இரவில் நன்றாகத் தூங்குவதில்லை. கூரைத் தகரத்தில் மழை பலக்கும்போது எழுந்து, பின்னால் இருக்கும் மண்மேட்டை ரோர்ச் அடித்துப் பார்ப்பார்கள். இவர்களுக்கு வெயிலுள்ள ஊர் என்பது ஆடம்பரம் அல்ல. இரண்டு இரவு மழைச் சத்தத்துக்குக் காது கொடுக்காமல் தூங்கும் இடம் அது.

நம் பெண்கள் பயணம் போகாதவர்கள் அல்லர். சிவனொளிபாத மலைக்குப் போகிறார்கள். ஆடியில் கதிர்காமம், மடுத் திருவிழா, முன்னேஸ்வரம் என்றும் போகிறார்கள். நேர்த்திக்கடன் என்று சொன்னால் மாமியாரும் தடுக்கமாட்டார், ஊரும் வாய் திறக்காது. நேர்த்தி நல்லது, நானும் வைப்பவள்தான். ஆனால் ஒரு பெண் வீட்டை விட்டு இரண்டு நாள் வெளியே போவதற்குச் சாமியைத் தவிர வேறு காரணமே சொல்ல முடியாது என்றால், அங்கே ஏதோ குறை இருக்கிறது. "எனக்குக் களைப்பாக இருக்கிறது, ஓய்வு வேண்டும்" என்பதும் ஒரு காரணம்தான்.

ஐரோப்பாவிலும் இந்த உரிமை சும்மா கிடைக்கவில்லை. பிரான்சின் நீஸ் நகரம் வெயிலுக்குப் பேர்போனது. ஒரு காலத்தில் குளிருக்குத் தப்பி அங்கே போய்த் தங்கியவர்கள் இங்கிலாந்துப் பிரபுக்களும் செல்வந்தர்களும்தான். அங்குள்ள கடற்கரை வீதிக்கு இன்றும் ஆங்கிலேயரின் பெயரே இருக்கிறது. 1936ஆம் ஆண்டு பிரான்சில் பெரும் வேலைநிறுத்தங்கள் நடந்தன. அதே ஆண்டில் தொழிலாளருக்கு வருடத்தில் இரண்டு வாரம் சம்பளத்துடன் கூடிய விடுமுறை வழங்கும் சட்டம் வந்தது. ரயில் கட்டணமும் குறைக்கப்பட்டது. அந்தக் கோடையில்தான் ஆலைத் தொழிலாளர் பலர் வாழ்நாளில் முதல் முறையாகக் கடலைக் கண்டார்கள். 1948இல் வந்த உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 24ஆம் உறுப்புரை, ஓய்வும் ஊதியத்துடன் கூடிய விடுமுறையும் ஒவ்வொருவரது உரிமை என்கிறது. "ஒவ்வொருவரும்" என்ற சொல்லில் கொழுந்து பறிப்பவரும் அடங்குவார், கணவனை இழந்தவரும் அடங்குவார்.

இனி, எந்த ஊர் என்பதற்கு வருவோம். இலங்கையில் ஊரின் பெயரைப் பார்க்குமுன் மாதத்தைப் பார்க்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசும். அப்போது மேற்கிலும் தெற்கிலும் சப்ரகமுவவிலும் மழை, கடலும் கொந்தளிப்பு. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வாடைக்காற்று கிழக்கில் மழையைக் கொட்டும். அந்நாட்களில் மேற்கும் தெற்கும் வெயிலாக இருக்கும். குளிர்நாட்டு உல்லாசப் பயணிகள் டிசம்பரில் பெந்தோட்டைக்கும் ஹிக்கடுவைக்கும், ஆடி ஆவணியில் நிலாவெளிக்கும் வருவது இதனால்தான்.

எங்கள் மாதர் சங்கமொன்றில் இதைப் பற்றிக் கூடிப் பேசினோம். சீட்டுப் பிடிப்பதுபோல மாதம் 500 ரூபா ஒரு வருடம் சேர்த்திருந்தார்கள். பிள்ளைகளின் ஓகஸ்ட் விடுமுறையில் போவதென்று முடிவானது. முதலில் எல்லோரும் பாணந்துறை என்றார்கள். இரத்தினபுரியிலிருந்து நேர் வீதி, செலவும் குறைவு. ஆனால் ஓகஸ்டில் அந்தக் கடலில் குளிப்பது ஆபத்து. சிவப்புக் கொடி கட்டியிருந்தால் காலை நனைக்கக்கூட இறங்கக்கூடாது. அறுகம்பைக் குடாவில் வெயில் உண்டு, ஆனால் அலைச்சறுக்குக்குப் பேர்போன பெரிய அலைகள். பாசிக்குடா நல்ல இடம். முழங்காலளவு நீரில் நெடுந்தூரம் நடக்கலாம், நீந்தத் தெரியாத நமக்கு ஏற்றது. கடைசியில் பாசிக்குடாவா திருகோணமலையா என்று வந்தபோது, கோணேஸ்வரர் கோயிலும் கன்னியா வெந்நீரூற்றும் இருப்பதால் பெரும்பான்மைக் கை திருகோணமலைக்கே உயர்ந்தது. சாமியும் கடலும் ஒரே ஊரில் என்பதால் வீட்டில் கேட்பதும் இலகுவானது.

ஒருவர் மட்டும் கை உயர்த்தவில்லை. வன்னியிலிருந்து திரும்பிய தங்கை அவர். 2009இல் முல்லைத்தீவுக் கடலோரத்தில் கணவனை இழந்தவர். "எனக்குக் கடல் வேணாம் அக்கா" என்று மட்டும் சொன்னார். யாரும் அவரை வற்புறுத்தவில்லை. கடல் எல்லோருக்கும் ஓய்வு தருவதில்லை. 2004 சுனாமியில் பிள்ளையைக் கொடுத்த தாய்மாருக்கும் இது தெரியும். "நீ வராம நாங்க போறதா? நாங்க கடலுக்குப் போற நேரம் நான் உன்கூட இருக்கேன்" என்றார் குழுவின் மூத்த அம்மா ஒருவர். அப்படியே நடந்தது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து இரவு பஸ் ஏறினோம். விடியும்போது வானம் வெளுத்து, நிலம் காய்ந்து, வீதியோரம் பனைமரம் தெரிந்தது. நிலாவெளியில் பெண்கள் சேலையோடும் சட்டைப் பாவாடையோடும் இறங்கிக் குளித்தார்கள். எங்களுக்கு அங்கே வேறு உடுப்பு தேவைப்படவில்லை. கன்னியாவில் ஏழு சிறு கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. இறந்தவருக்கு அந்தியேட்டி செய்வதற்கு அவ்வூரார் தலைமுறைகளாக வந்துபோன இடம் அது. கணவனின் உடலையே காணாத அந்தத் தங்கை அங்கே வாளியால் நீரள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டு நெடுநேரம் நின்றார். பக்கத்தில் அந்த அம்மா நின்றார். யாரும் எதுவும் கேட்கவில்லை. திரும்பும் வழியில் பஸ்ஸில் முதலில் பாட்டு எடுத்தவர் அந்தத் தங்கைதான்.

ஒரு பயணம் காயத்தை ஆற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. உளவளத்துணை தேவைப்படுவோருக்கு அது கட்டாயம் வேண்டும். ஆனால் எங்கே போகலாம் என்று ஒரு பெண்ணிடம் கேட்பதும், "வேண்டாம்" என்ற அவரது சொல்லுக்கு மதிப்புக் கொடுப்பதும் அவருக்குப் பலம் தரும். யுத்தகாலத்தில் எங்கே போவது, எப்போது ஓடுவது என்பதை நாம் தீர்மானிக்கவில்லை. இப்போது நாமே தீர்மானிக்கும் ஒரு பயணமாவது வேண்டாமா?

நீங்களும் ஒழுங்கு செய்வதாயின் சில விடயங்களைக் கவனியுங்கள். பணத்தைக் குழுவின் பெயரில் சேமியுங்கள், கணக்கை எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். சம்பள நாள் குறையாமல் விடுமுறை நாளோடு சேர்த்துத் திட்டமிடுங்கள். தங்குமிடத்தில் மலசலகூடமும் உடைமாற்ற அறையும் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். வயதானவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் விட்டுவிடாதீர்கள். கடலில் இறங்குமுன் அவ்வூர் மீனவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கிழக்கிலுள்ள சகோதரிகளுக்கு ஒன்று. மார்கழி, தையில் உங்கள் ஊரில் மழை கொட்டும்போது எங்கள் பக்கம் மழை குறையும். தை, மாசியில் வந்தால் இரத்தினபுரிப் பாதையால் சிவனொளிபாத மலையும் ஏறலாம். வெயில் தேடி நாங்கள் உங்கள் ஊருக்கு வருகிறோம். நீங்களும் எங்கள் மலைக்கு வாருங்கள்.