தொழிலை மாற்றுவதா? தொழிலின் நிலையை மாற்றுவதா?

செய்கிற வேலையில் மனநிறைவு இல்லை என்று கூறி வேறு வேலை தேடுவோர் உலகெங்கும் பெருகி வருகின்றனர். அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டில் மட்டும் 4 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட ராஜினாமாக்கள் பதிவாயின. கொரோனா காலத்தில் வீட்டில் முடங்கிக் கிடந்த மக்கள், வாழ்நாளின் பெரும் பகுதியை எதற்காகச் செலவிடுகிறோம் என்று யோசிக்கத் தலைப்பட்டதே காரணம் என்றனர் ஒரு சாரார். அதிகச் சம்பளம் கொடுத்து ஆள் பிடிக்க முதலாளிகள் போட்டியிட்டதே காரணம் என்றனர் மற்றொரு சாரார். இரண்டிலும் உண்மை உண்டு.

பிழைப்பைத் தேடி மாநிலம் விட்டு மாநிலம் வந்தவர்களுக்கு இந்தப் பிரச்சினை வேறு உருவில் வருகிறது. கட்டட வேலைக்குக் கேரள கிராமப்புறங்களில் 2022-23ல் சராசரி நாட்கூலி சுமார் 850 ரூபாய் என்றும், அகில இந்திய சராசரி 400 ரூபாயை எட்டவில்லை என்றும் ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவரம் காட்டுகிறது. கூலிக்காக வந்தவருக்கு மனநிறைவு எதற்கு, அது வயிறு நிறைந்தவர் பேச்சு என்று ஒதுக்கிவிடுவது பலருக்கு வழக்கமாகி விட்டது. அது சரியல்ல என்பதற்கு மட்டாஞ்சேரியும் அதையடுத்த கோட்டைக் கொச்சியுமே சாட்சி. தொழிலை விட்டுப் போனவர்கள், தொழிலில் இருந்தபடியே அதன் நிலையை மாற்றியவர்கள், தொழிலே தங்களை விட்டுப் போகக் கண்டவர்கள் ஆகிய மூன்று வகையினரின் வரலாறும் சில மைல் சுற்றளவுக்குள் அங்கே கிடைக்கிறது.

வெளியில் உள்ள தோபி கானா

கோட்டைக் கொச்சியின் வெளி என்ற பகுதியில் உள்ள தோபி கானா தமிழர்களின் உழைப்பில் நடப்பது. டச்சுக்காரர்கள் 1663ல் போர்ச்சுகீசியரிடமிருந்து கொச்சியைக் கைப்பற்றி 1795 வரை ஆண்டனர். அவர்கள் காலத்தில் சிப்பாய்களின் உடுப்புகளை வெளுப்பதற்காகத் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டவர்களின் வழிவந்தோரே இங்குள்ள வண்ணார் குடும்பங்கள் என்று கூறப்படுகிறது. அங்கங்கே கிடைத்த நீர்நிலைகளை நம்பித் தொழில் செய்து வந்த அவர்களுக்கு, 1976ல் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் இந்த இடத்தைக் கட்டிக் கொடுத்தது. சுமார் 40 துவைக்கும் தொட்டிகள், துணி உலர்த்த மைதானம், தேய்ப்பதற்குக் கூடம் எல்லாம் ஒரே வளாகத்தில் அமைந்தன. வண்ணார் சங்கம் அதைக் கவனித்து வருகிறது.

இந்தத் தொழிலில் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அளவறிந்து கஞ்சி போடுவதும், வெள்ளைத் துணிக்கு நீலம் காட்டுவதும், இரட்டைப் புரியாக முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணியின் முனையைச் செருகிக் கிளிப் இல்லாமலே காயப் போடுவதும், கனத்த கரிப்பெட்டியால் சட்டைக் கழுத்து மடங்காமல் தேய்ப்பதும் பல ஆண்டுப் பழக்கத்தில் வருகிற கைப்பாங்கு. நூற்றுக்கணக்கான உருப்படிகளில் எது யாருடையது என்பதை ஒரு சிறு குறியை வைத்தே பிரித்துவிடுகிற நினைவாற்றலும் அதில் அடங்கும். இதைக் காண வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் தேடி வருகின்றனர்.

ஆனால் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் தொட்டிக்குள் இறங்க விரும்புவதில்லை. படித்து, கம்பெனிகளிலும் கடைகளிலும் வேலைக்குப் போகின்றனர். தோபி கானாவில் மூத்தவர்களே அதிகம் காணப்படுகின்றனர். பாரம்பரியக் கலை அழிகிறதே என்று வருந்துவோர், முதுகு வளைத்து நாள் முழுதும் தண்ணீரில் நின்றவர் யார் என்பதை மறந்துவிடுகின்றனர். பெரியவர்கள் வெளுத்த துணியின் வருமானத்தில்தான் பிள்ளைகள் படித்தனர். அந்தப் படிப்பைக் கொண்டு அவர்கள் வேறு தொழிலுக்குப் போவது தொழிலுக்குச் செய்த துரோகம் ஆகாது. பெற்றோர் பட்ட பாட்டின் பலன் அது.

டாக்டர் அம்பேத்கர் 1936ல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' நூலில் இந்த விஷயத்தை ஆராய்ந்திருக்கிறார். சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்காமல் வேலை செய்பவர்களையே பிரித்துவிடுகிறது என்பதும், ஒருவருடைய விருப்பத்தையும் திறமையையும் பாராமல் பெற்றோரின் நிலையைக் கொண்டு தொழிலை விதித்துவிடுகிறது என்பதும், மனம் ஒட்டாத வேலையில் திறமை வளராது என்பதும் அவருடைய வாதம். எந்தத் தொழிலையும் செய்யும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19வது பிரிவு பின்னர் அளித்தது. மனநிறைவு பற்றிய பேச்சு வசதி படைத்தவர்களோடு தொடங்கியதல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

1953ல் இரு நிகழ்ச்சிகள்

தமிழகத்தில் 1953ல் ராஜாஜி தலைமையிலிருந்த அரசாங்கம் கிராமப்புற ஆரம்பப் பள்ளிகளில் ஒரு புதிய திட்டத்தைக் கொண்டு வந்தது. பிள்ளைகள் பள்ளியில் மூன்று மணி நேரம் படித்தால் போதும், மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்பது அதன் சாரம். இருக்கிற கட்டடங்களையும் ஆசிரியர்களையும் கொண்டு இரு மடங்கு பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்கலாம் என்பது அரசாங்கம் சொன்ன நியாயம். வண்ணார் மகன் வண்ணாராகவே இருக்க வேண்டுமா என்று எதிர்த்தோர் கேட்டனர். 'குலக்கல்வித் திட்டம்' என்று பெயர் பெற்ற அது, 1954ல் காமராஜ் முதலமைச்சரானதும் கைவிடப்பட்டது. தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான குடும்பங்கள் ஒரே தலைமுறையில் தொழில் மாறியதில் அந்த முடிவுக்கும் அதன்பின் வந்த இலவசக் கல்விக்கும் பெரும் பங்கு உண்டு.

அதே 1953ல் மட்டாஞ்சேரியில் நடந்தது வேறு விதமான போராட்டம். கொச்சித் துறைமுகத்தில் அப்போது 'சாப்பா' என்ற முறை இருந்தது. விடியற்காலையில் வேலைக்குக் கூடி நிற்கும் தொழிலாளர் கூட்டத்தின் நடுவே கங்காணி உலோக வில்லைகளை வீசி எறிவான். முண்டியடித்து எடுத்தவருக்கு அன்று வேலை. எடுக்க முடியாதவர் வெறுங்கையுடன் வீடு திரும்ப வேண்டியதுதான். பலம் குறைந்தவரும் வயதானவரும் பட்ட அவமானம் கொஞ்சநஞ்சமல்ல. இம்முறையை ஒழிக்கக் கோரி நடந்த வேலை நிறுத்தத்தின் போது, செப்டம்பர் 15ந் தேதி மட்டாஞ்சேரியில் போலீசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். அதிலும் அதையொட்டிய போலீஸ் நடவடிக்கையிலுமாக சையது, சைதலவி, அந்தோணி ஆகிய மூன்று தொழிலாளர்கள் உயிரிழந்தனர். சாப்பா முறை நாளடைவில் ஒழிந்தது. பதிவு செய்த தொழிலாளருக்கு முறை வைத்து வேலை என்ற ஏற்பாடு வந்தது. சுமைத் தொழிலாளருக்கென்று 1978ல் கேரளத்தில் தனிச் சட்டமும் பிறந்தது.

அந்தத் தொழிலாளர்கள் தொழிலை விடவில்லை என்பது கவனிக்கத் தக்கது. முன்பு தூக்கிய அதே மூட்டைகளைத்தான் பின்பும் தூக்கினர். மூட்டையின் கனம் குறையவில்லை. நாளை வேலை உண்டா என்ற பயமும், மண்ணில் புரண்டு வில்லை பொறுக்கும் இழிவும் நீங்கின. வேலையை வெறுக்கிறோம் என்று பலரும் எண்ணிக்கொண்டிருப்பது பல சமயங்களில் வேலையை அல்ல, அதைச் சுற்றியுள்ள அவமரியாதையைத்தான். இந்த வேற்றுமையை அறியாமல் வேலை மாறுகிறவர், புது இடத்திலும் அதே அவமரியாதையைச் சந்தித்து ஏமாறுகிறார்.

ஓய்ந்துபோன மிளகுச் சந்தை

மூன்றாவது வகை, தொழிலே கை கழுவிவிட்டவர்கள். மட்டாஞ்சேரியின் யூதர் தெரு மிளகு வியாபாரத்துக்குப் பெயர் போனது. மிளகு முன்பேர வர்த்தகம் 1957 முதல் அங்கே நடந்தது. கூடத்தில் நின்று தரகர்கள் விலை கூவுவர். தொலைபேசியைக் காதில் வைத்தபடி குமாஸ்தாக்கள் வெளியூருக்குத் தகவல் சொல்லுவர். 2003ஐ ஒட்டி அகில இந்திய மின்னணுச் சந்தைகள் வந்த பின் கூவலுக்கு வேலை இல்லாமற் போயிற்று. துறைமுகத்திலும் 2011ல் வல்லார்பாடம் கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. தலைச்சுமையாக ஏறி இறங்கிய சரக்கு பெட்டிக்குள் அடங்கிவிட்டது. கிடங்குகள் சில 2012ல் தொடங்கிய கொச்சி-முசிரிஸ் பியனாலே கலை விழாவுக்கு இடமாயின. வேறு சில, பயணிகளுக்கான கடைகளாகவும் உணவகங்களாகவும் மாறின.

இவர்களுக்கு மனநிறைவு கருதி யோசித்து முடிவெடுக்க அவகாசம் கிடைக்கவில்லை. அந்தக் கூடத்துக்கு மட்டுமே பயன்பட்ட பழக்கம் கூடத்தோடு போயிற்று. கையில் எடுத்துப் பார்த்தே மிளகின் தரம் சொல்லும் அறிவு, கணக்கெழுதும் பயிற்சி, தமிழ், மலையாளம், ஆங்கிலம் என்று பல மொழிகளில் வியாபாரம் பேசும் திறன் ஆகியவை வேறு எங்கும் செல்லுபடியாகக் கூடியவை. ஆகவே, தொழிலை மாற்றும் எண்ணம் இல்லாதவர்களும்கூடத் தங்கள் வேலையில் எந்தப் பகுதி வெளியிலும் விலைபோகும் என்று கணக்குப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

வந்தேறியவர்களின் தடைகள்

அயல் மாநிலத்தில் வேலை மாற நினைக்கும் தமிழருக்கு, உள்ளூர்க்காரருக்கு இல்லாத சில தடைகள் உண்டு. முதலாவது சலுகை. தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்தில் குடியேறினால், சொந்த மாநிலத்து அந்தஸ்தைக் காட்டிப் புது மாநிலத்தில் இட ஒதுக்கீடு கோர முடியாது என்று 1990ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. சாதியின் பாரம் கூடவே வருகிறது, சலுகை மட்டும் எல்லையில் நின்றுவிடுகிறது. பிள்ளைகளுக்குச் சான்றிதழ் வாங்கும் விஷயத்தில் கடைசி நேரம் வரை காத்திராமல், எந்த மாநிலத்தில் எது கிடைக்கும் என்பதைப் பள்ளிப் பருவத்திலேயே விசாரித்து வைப்பது அவசியம்.

இரண்டாவது மொழி. மலையாளம் பேசத் தெரிந்தும் எழுதத் தெரியாமல் பலர் பின்தங்குகின்றனர். மேஸ்திரியாகவோ மேற்பார்வையாளராகவோ உயர எழுத்து தேவை. கேரள அரசுப் பணித் தேர்வாணையத்தின் சில தேர்வுகளில் மொழிச் சிறுபான்மையினருக்குத் தமிழிலும் கன்னடத்திலும் வினாத்தாள் தரும் ஏற்பாடு இருக்கிறது. கீழ்நிலை எழுத்தர் தேர்வுக்குப் பொதுப் பிரிவில் வயது வரம்பு 36. இது தெரியாமலே வயது கடந்தவர்கள் உண்டு.

மூன்றாவது பணம். வேலையை விடும் ஆத்திரத்தில் வருங்கால வைப்பு நிதியை மொத்தமாக எடுத்துச் செலவழிப்பது பரவலாக நடக்கிறது. அந்தக் கணக்கைப் புது வேலைக்கு மாற்றிக்கொண்டால் பென்ஷனுக்கு வேண்டிய 10 ஆண்டு சேவை தொடர்ந்து சேரும். நிரந்தரத் தொழிலாளர் பணிக்கொடை பெற 5 ஆண்டு தொடர்ச்சியான சேவை தேவை. நான்கரை ஆண்டில் கோபித்துக்கொண்டு வெளியேறுவது யாருக்கு லாபம் என்று ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆறு மாதச் செலவுக்குக் கையில் இருப்பும், புது வேலைக்கான பயிற்சியில் பாதியும் முடித்த பின் விடுவதே புத்திசாலித்தனம்.

செய்ய வேண்டியது

தனி மனிதர் துணிச்சலை மட்டும் நம்பினால் தொழில் மாற்றம் சிலருக்கே வாய்க்கும். தொழிற்பயிற்சி நிலையங்கள் பகல் நேரத்தில் மட்டும் நடந்தால், பகலில் உழைக்கும் 30 வயதுத் தொழிலாளிக்கு அவற்றால் பயனில்லை. மாலை வகுப்புகள் வேண்டும். வெளியூரிலுள்ள தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவோடு நின்றுவிடாமல், மலையாளம் எழுதக் கற்பிக்கவும், விண்ணப்பம் நிரப்பவும், சான்றிதழ் விவரம் சொல்லவும் வாரத்தில் ஒரு மாலை ஒதுக்கினால் அது பெரிய தொண்டு. தொழிற்சங்கங்களும் கூலி உயர்வோடு உறுப்பினரின் பயிற்சியையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கலாம்.

தோபி கானாவில் இன்னும் சிலர் விரும்பியே அந்தத் தொழிலைச் செய்கின்றனர். அவர்களுக்கு வேண்டியது நல்ல கூலியும், உடம்பை நோகடிக்காத சாதனங்களும், மரியாதையும். அவர்களுடைய பிள்ளைகளுக்கு வேண்டியது போகும் வழி. இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமானவை அல்ல. வேண்டாம் என்றால் விட்டுப் போகலாம் என்ற உரிமை உள்ள இடத்தில்தான், இருந்து செய்கிற வேலையும் மனத்துக்கு நிறைவு தருகிறது. அந்த உரிமையைக் கைக்கு எட்டும்படி செய்வது அரசாங்கத்துக்கும் சங்கங்களுக்கும் உள்ள கடமை. எட்டிய போது பயன்படுத்திக்கொள்ள ஆயத்தமாக இருப்பது தொழிலாளியின் பொறுப்பு.