ஒரே மருந்துக்கு இரண்டு எடைக்கல்

செங்கல்பட்டு மார்க்கெட்டில் ஒரு காய்கறிக் கடைக்காரர் தராசுக்குப் பக்கத்தில் இரண்டு எடைக்கல் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் '1 கிலோ' என்று எழுதியிருக்கிறது. ஒன்று நிஜமாகவே ஒரு கிலோ, இன்னொன்று 400 கிராம். முத்திரை ஆய்வாளர் கண்ணில் பட்டால் என்ன ஆகும்? கல் பறிமுதல், வழக்கு, அபராதம். தக்காளிக்கு இவ்வளவு கண்டிப்பு காட்டுகிற நாடு இது.

அதே நாட்டில், அதே ஊர் மருந்துக்கடையில், இன்சுலினுக்கு இரண்டு எடைக்கல் சட்டப்படியே விற்பனையில் இருக்கிறது. ஆய்வாளரும் வரமாட்டார், அபராதமும் கிடையாது.

சர்க்கரை நோயாளிகள் வீட்டில் இருப்பவர்களுக்கு இது ஓரளவு தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்சுலினை மில்லி கணக்கில் சொல்வதில்லை, யூனிட் கணக்கில்தான் சொல்வார்கள். நம் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் இன்சுலின் பாட்டிலில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடுகிற கார்ட்ரிட்ஜிலும், சில புதுவகை இன்சுலின் பாட்டில்களிலும் ஒரு மில்லிக்கு 100 யூனிட். ஆகவே சிரிஞ்சும் இரண்டு வகை. 40க்கு சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. மூடியைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டால் மிச்சம் இருப்பது சிரிஞ்சின் மேல் பொடி எழுத்து மட்டும். கண் மங்கியவர்கள்தான் அதைப் படிக்க வேண்டும். சர்க்கரை வியாதி முதலில் கை வைக்கும் இடங்களில் கண்ணும் ஒன்று என்பதை யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. டாக்டர் 20 யூனிட் போடச் சொல்கிறார். வீட்டில் இருப்பது 40 பாட்டில். கடையில் சிவப்பு மூடி ஸ்டாக் இல்லை, ஆரஞ்சைக் கொடுத்துவிட்டார்கள். "எல்லாம் ஒண்ணுதான் பெரியவரே!" 20 என்ற கோடு வரைக்கும் இழுத்தால் உள்ளே வருவது 0.2 மில்லி. அதாவது 8 யூனிட். சொன்னது 20, போனது 8!

அடுத்த மாதம் பரிசோதனையில் சர்க்கரை 300. "சாப்பாட்டில் கட்டுப்பாடு இல்லை" என்று நோயாளிக்குத் திட்டு விழும். மருந்து 30 ஆக உயரும். அவரும் 30 கோடு வரை இழுப்பார், உள்ளே போவது 12. இப்படியே ஆறு மாதம் ஓடும். பிறகு ஒரு நாள் கடையில் சிவப்பு மூடி வந்துவிடும். அதே 30 கோடு, இப்போது நிஜமாகவே 30. ஒரே ராத்திரியில் இரண்டரை மடங்கு! வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறும்போது பக்கத்தில் படுத்திருப்பவர் தூங்கிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதை எழுத வேண்டியதில்லை.

தலைகீழாகவும் நடக்கும். பேனா உடைந்துவிட்டது, கார்ட்ரிட்ஜ் மட்டும் இருக்கிறது, வீணாக்குவானேன் என்று அதிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் 50 யூனிட். இதற்கு ஆறு மாதம் எல்லாம் தேவையில்லை, ஒரு வேளை போதும்.

இது நகரத்துக்காரர்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். மாமல்லபுரம் கடற்கரையில் போய்ப் பாருங்கள். தேவனேரி, கொக்கிலமேடு மாதிரி மீனவர் குப்பங்களில் மதிய மணலில் செருப்பில்லாமல் நடக்கும் கால்கள்தான் அதிகம். ஊருக்குள் வந்தால் சிற்பக் கூடங்கள், தரையெல்லாம் கருங்கல் சில். கொஞ்சம் தள்ளி திருக்கழுக்குன்றம், வெயிலில் காய்ந்த மலைப்படிகளில் வெறுங்காலோடு ஏறும் பக்தர்கள். 20க்குப் பதில் 8 போட்டுக்கொண்டே வருஷக்கணக்கில் ஓட்டுகிறவருக்கு நரம்பு மரத்துப்போகும். கல் சில் குத்தினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. புண் சீழ் வைத்து நாற்றம் வந்தபிறகுதான் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு வண்டி ஏறுவார்கள். அங்கே விரலா, பாதமா, முழங்காலா என்ற பேச்சு. கேஸ் ஷீட்டில் 'கட்டுப்பாடற்ற நீரிழிவு' என்று எழுதுவார்கள். யாருடைய கட்டுப்பாடு என்று கேட்டால் பதில் இருக்காது.

2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் பத்து கோடிக்கும் மேல் என்றது. இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் வரும் புதுச்சேரியில் பெரியவர்களில் நூற்றுக்கு 26 பேர். இதில் எல்லோரும் ஊசி போடுகிறவர்கள் இல்லைதான். ஆனால் நூற்றில் சிலர் என்றாலே லட்சக்கணக்கில் வரும்.

சரி, செவிலியர் மாணவிகளிடம் வருவோம். செங்கல்பட்டு மாவட்டத்தில் நர்சிங் கல்லூரிகளுக்குப் பஞ்சமே இல்லை. இன்சுலின் வகைகள், வேலை ஆரம்பிக்கும் நேரம், உச்சம், முடியும் நேரம் எல்லாம் மனப்பாடம். நீரிழிவின் பின்விளைவுகள் என்று கேட்டால் கண், சிறுநீரகம், நரம்பு, இதயம், பாதம் என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். அது வேண்டியதுதான். ஆனால் வார்டில் நாளைக்குத் தவறு நடந்தால் மெமோ யாருக்கு? டோஸ் எழுதிய டாக்டருக்கா, மாற்றிக் கொடுத்த கடைக்காரருக்கா, இரண்டு அளவை அனுமதித்த டெல்லிக்கா? கையில் சிரிஞ்சு வைத்திருந்த சிஸ்டருக்கு! அரசாங்கம் தீர்க்க வேண்டிய குழப்பத்தை இருபத்தொரு வயசுப் பெண்ணின் மனக்கணக்கில் ஏற்றிவிட்டு, அதற்கு 'கவனக்குறைவு' என்று பெயரும் வைத்தாகிவிட்டது.

இரண்டு அளவு இருப்பதற்கு ஆதரவாகவும் பேசுகிறார்கள். குழந்தைகளுக்கு ஒன்று, இரண்டு யூனிட் போடும்போது 40 பாட்டிலில் இழுப்பது சுலபம் என்பது ஒரு வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் அரை யூனிட் கோடு போட்ட 0.3 மில்லி சிரிஞ்சு 100க்கே இருக்கிறது. அதை எல்லா ஊரிலும் கிடைக்கச் செய்வதை விட்டுவிட்டு, ஒரு குழந்தையைக் காட்டிப் பத்து பெரியவர்களைக் குழப்புவது என்ன நியாயம்?

இன்னொரு வாதம், மாற்றினால் மாற்றும் சமயத்தில் தவறு நடக்கும் என்பது. நடக்கும்தான். ஆனால் மாற்றாமலே தினம் நடக்கிறதே! பிரிட்டன் 1983இல் பழைய அடர்த்திகளை விட்டு 100க்கு மாறியது. அமெரிக்கா 1970களிலேயே ஆரம்பித்துவிட்டது. அவர்கள் பணக்காரர்கள் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. இந்தியா 1957 ஏப்ரல் 1ஆம் தேதி ரூபாய்க்கு பதினாறு அணா என்பதை நூறு நயா பைசா ஆக்கியது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகள்கூட அணாவைப் பைசாவாக மாற்றக் கற்றுக்கொண்டார்கள். குழப்பம் வரக்கூடாது என்றுதான் அந்த 'நயா' என்ற ஒட்டு, பழகியதும் 1964இல் அதையும் எடுத்துவிட்டார்கள். அதே காலத்தில் சேரும் வீசையும் மணங்கும் போய்க் கிலோ வந்தது. மொத்த நாட்டின் கல்லாப்பெட்டியையே மாற்ற முடிந்தவர்களுக்கு ஒரு மருந்துப் பாட்டிலை மாற்ற முடியாதாம்!

அவசரம் என்ன என்று கேட்பவர்களுக்கு: 2025இல் நோவோ நார்டிஸ்க் கம்பெனி தன் பழைய மனித இன்சுலின் பேனாக்களை இந்தியாவில் படிப்படியாக நிறுத்தப்போவதாகச் செய்தி வந்தது. பாட்டில் தொடருமாம். வருஷக்கணக்கில் பேனாவின் குமிழைத் திருகிப் பழகியவர்களில் விலை உயர்ந்த புது வகைக்குப் போக முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? பாட்டிலுக்கும் சிரிஞ்சுக்கும்தான் வரவேண்டும். அவர்கள் கையில் 100 கார்ட்ரிட்ஜ் மிச்சம் இருக்கும், 40 பாட்டில் புதிதாக வரும், சிரிஞ்சு கடைக்காரர் கொடுப்பது. குழப்பத்துக்கு இதைவிட நல்ல சூழ்நிலை அமையாது.

வேண்டியது ஒன்றும் பெரிதில்லை. ஒரு தேதி குறிக்க வேண்டும். அந்தத் தேதிக்குப் பிறகு 40 பாட்டில் தயாரிப்பும் சிவப்பு மூடி சிரிஞ்சும் நிறுத்தம். அதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே தமிழிலும் மற்ற மொழிகளிலும் படம் போட்ட அட்டை. 2021இல் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு வீடு வீடாகப் போகிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் அந்த அட்டையைக் கொடுத்தால் கொக்கிலமேடு வரைக்கும் போய்ச் சேரும்.

அந்தத் தேதி வரும்வரை புறநோயாளிப் பிரிவில் நிற்கும் செவிலியர் மாணவிகள், ஊசி போடுகிற ஒவ்வொருவரையும் வீட்டுப் பாட்டிலையும் வீட்டுச் சிரிஞ்சையும் மூடியோடு கொண்டுவரச் சொல்லி, தங்கள் கண்முன்னே ஒருமுறை இழுத்துக் காட்டச் சொல்லலாம். ஒரு ஆளுக்கு இரண்டு நிமிஷம் பிடிக்கும். வரிசை நீளமாக இருக்கிறது என்று மேலிடம் சத்தம் போட்டால், வரிசை நீளமாவதற்குக் காரணம் என்ன என்று அவர்களிடமே கேட்கட்டும்.