வெற்றிலைக்கும் உண்டு ஒரு மாரி

பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹொப் கொடியைக் குளிர்நாடுகளில் பலர் வீட்டுத் தோட்டத்திலேயே வளர்க்கின்றனர். இலையுதிர்காலத்தில் கொடி காய்ந்ததும் அதை நறுக்கிவிட்டு, வேரின்மேல் வைக்கோலும் சருகும் மூடிவிடுவர். உறங்கும் வேர் இளவேனிலில் மீண்டும் துளிர்க்கும். கடும்பனி இறுகுமுன் வேலை முடிந்துவிடும்.

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில், களுதாவளை போன்ற ஊர்களில் படரும் வெற்றிலைக்கு அத்தகைய உறக்கம் இல்லை. அது ஆண்டு முழுவதும் பச்சைக்கொடி. அதற்குப் பகை பனியன்று, வடகீழ்ப் பருவமழை. மணல் நிலத்தில் நீர் விரைவாக வடியும் என்பது உண்மையே. ஆனால் வாவி நிரம்பி நிலத்தடி நீரும் மேலெழுந்துவிட்டால் வடிவதற்கு இடமேது? 2011 ஜனவரிப் பெருவெள்ளம் இதனை நமக்கு நன்றாகவே காட்டியது.

வெள்ளத்தில் நெல் அழிந்தால் அன்றே கண்ணுக்குத் தெரியும். வெற்றிலை அப்படியன்று. தேங்கிய நீரில் பெருகும் பூஞ்சணம் போன்ற நோய்க்கிருமி தூரையும் வேரையும் அழுகச் செய்கிறது. நீர் வடிந்து, சேதம் கணக்கெடுக்க வந்தவர்கள் திரும்பிய பின்னரும் கொடிகள் வாடக்கூடும். அந்த இழப்பு எந்தப் பட்டியலில் சேரும்? ஆகவே, வெற்றிலைச் செய்கையாளரைக் காப்பது நிவாரணமன்று, முன்னாயத்தமே என்பது எனது உறுதியான கருத்து.

அந்த ஆயத்தம் பெருஞ்செலவு கோருவதன்று. புரட்டாதிக்குள் பாத்திகளுக்கிடையே வாய்க்காலை ஆழமாக்கித் தூருக்கு மண் அணைக்க வேண்டும். நிலத்தைத் தொடும் இலைகளைக் கிள்ளி, நோயுற்ற கொடிகளை அகற்றி எரிக்க வேண்டும். பறிக்கும் இலைகளில் படாதவாறு 1 வீத போர்டோ கலவையைத் தூரில் ஊற்றலாம். 100 லீற்றர் நீருக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ என்பதே அதன் அளவு. காற்றுக்கு ஈடுகொடுக்கக் கொழுகொம்புகளை இறுக்கிக் கட்டுவதுடன், நல்ல கொடித் துண்டுகள் சிலவற்றைப் பைகளில் நட்டு மேட்டில் வைப்பதும் அவசியம். தோட்டம் முழுவதும் அழிந்தாலும் விதைக்கொடி எஞ்சும்.

ஆனால் ஒருவர் வெட்டும் வாய்க்கால் அடுத்தவர் வேலியோடு நின்றுவிட்டால் பயனில்லை. ஊர் வடிகான்களை மழைக்கு முன் துப்புரவாக்குவது பிரதேச சபையின் கடமை. மாரி சொல்லாமல் வரும் விருந்தாளியன்று. ஆண்டுதோறும் வருவதை ஆண்டுதோறும் அனர்த்தம் என்று அழைப்பது நமக்கு அழகன்று.