செய்தி அறிதல் பராமரிப்பு ஆகுமா?

கைத்தொலைபேசி வந்தபின் நோயாளரைப் பராமரிப்பது எளிதாகிவிட்டதென்று நம்மவரிற் பலர் கூறத் தொடங்கியுள்ளனர். கொழும்பிலுள்ள மகன், டோகாவிலுள்ள மருமகன், பேராதனையிற் பயிலும் பேரன், கலஹாத் தோட்டத்து லயத்திலிருக்கும் மகள் ஆகிய நால்வரும் ஒரே வட்ஸ்அப் குழுவிற் கூடித் தாயைக் கவனித்துக்கொள்கின்றனராம். இக்கூற்றை நான் மறுக்கிறேன். அறிபவர் நால்வர், கவனிப்பவள் ஒருத்தியே.

அறிதலின் அருமையைக் குறைத்து மதிப்பிடுவது என் நோக்கமன்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகக் குடும்பங்கள் பலவற்றைக் கடலின் இரு கரைகளிலுமாகப் பிரித்தது. 1984இல் தலைமன்னார்–இராமேசுவரம் கப்பலும் நின்றது. தாய் நோயுற்ற செய்தி கடிதமாய்ச் சென்று சேருமுன்னரே ஈமக்கடன் முடிந்துவிடக்கூடிய காலம் அது. அத்தலைமுறையினர்க்கு, ஒரு நொடியில் முகங்காட்டும் கருவி வரமாகவே தோன்றும்.

ஆயின் நோய் முகம் பார்ப்பதோடு முடிவதில்லை. சிறுநீரகம் செயலிழந்தவர்க்கு வாரத்தில் இரண்டு மூன்று தடவை குருதிச் சுத்திகரிப்பு வேண்டும். தடவைக்கு ஏறத்தாழ நான்கு மணித்தியாலம். அதற்காகத் தோட்டத்திலிருந்து இறங்கிப் பேராதனைக்கோ கண்டிக்கோ போய்வர வேண்டும். நமது வளாகத்தை ஊடறுத்துச் செல்லும் கலஹா வீதியில், கிளினிக் கொப்பியை மடியில் வைத்தபடி பஸ்ஸில் அமர்ந்திருக்கும் பெண்களை நாம் காணாதவரல்லர். அந்நாளில் அவளுக்குத் தோட்டத்திற் பேர் விழாது. 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக்கப்பட்டது. அக்கணக்கின்படியே பார்த்தாலும், வாரத்துக்கு மூன்று நாள் சென்றால் மாதம் பன்னிரண்டு பேர், அஃதாவது 16,200 ரூபா, போய்விடுகிறது. இத்தொகையைப் பற்றிக் குழுவில் எவரும் வாய் திறப்பதில்லை. 'உப்பைக் குறை', 'டொக்டரிடம் இதைக் கேள்', 'ஏன் இன்னும் பதில் இல்லை' என்பனவே வருகின்றன. இடையிடையே கும்பிடும் கைகளின் படங்கள் வேறு. மலையிற் கொழுந்தெடுப்போர் பலருக்குக் கங்காணி ஒருவர். இங்கோ உழைப்பவள் ஒருத்திக்குக் கங்காணிகள் மூவர்!

"மருந்துக்குப் பணம் அனுப்புகிறோமே" என்பார் உளர். அனுப்புகிறீர்கள், மறுக்கவில்லை. மருந்துக்கு விலையுண்டென ஒப்பும் நீங்கள், அவளுடைய நாளுக்கும் விலையுண்டென்பதை ஏன் ஒப்புவதில்லை? பெண் செய்வது கடமை, ஆண் அனுப்புவது உதவி என்னும் பழைய கணக்கே புதிய கருவிக்குள்ளும் புகுந்துகொண்டது.

குற்றம் கருவியினுடையதன்று. 2016இல் ஆரம்பிக்கப்பட்ட 'சுவ செரிய' நோயாளர் காவுவண்டிச் சேவையை நோக்குக. 1990 என்ற இலக்கத்தை அழைத்தவுடன், எவ்வண்டி அண்மையில் நிற்கிறதென அறிந்து அதனை அனுப்புகின்றனர். அங்கே தகவல் வேலையாக மாறுகிறது. அமெரிக்காவில் 'லொட்ஸா ஹெல்பிங் ஹாண்ட்ஸ்' என்னும் இணையச் சேவை, நோயாளர் வீட்டுப் பணிகளை ஒரு பொது நாட்காட்டியில் இட்டு, இன்ன நாள் இன்னார் பொறுப்பென உறவினரும் நண்பரும் பெயர் பதிய வைக்கிறது. நம் கைத்தொலைபேசியிலும் நாட்காட்டி உண்டு. பெயர் பதியத்தான் ஆளில்லை.

தொலைவைக் காரணங்காட்டுவதும் முழுமையாகப் பொருந்தாது. கிளினிக் நாட்களைக் குறித்துவைத்து நினைவூட்டல், ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதப்பட்ட துண்டை வாசித்துத் தமிழில் விளக்கல், முச்சக்கர வண்டிக்கு ஒழுங்குசெய்தல், இழந்த பேருக்கு ஈடாகப் பணம் இடல் ஆகியவற்றை டோகாவிலிருந்தும் செய்யலாம். கொழும்பிலிருப்பவர் மாதத்தில் இரு இரவுகளேனும் வந்து விழித்திருக்கலாம்.

பேராதனையிற் பயிலும் பேரனுக்கோ தொலைவு என்ற சாட்டும் இல்லை. அவன் நம்முள் ஒருவன். குழுவில் உயர்த்திய பெருவிரலோடு தன் பங்கு தீர்ந்ததென எண்ணுபவன். போதனா வைத்தியசாலை அவனுக்கு நடைதூரம். விரிவுரையில்லா நாளொன்றில், பஸ்ஸிலிருந்து இறங்கும் அவளிடம் கொப்பியை வாங்கிக்கொண்டு, அந்நான்கு மணித்தியாலமும் கட்டிலருகே அவன் அமரலாம். அவள் அடுத்த பஸ்ஸில் திரும்பினால் அரைப்பேராவது விழும்.